இடுகாட்டு மங்குகள்

"யாரும் தொடாத கடற்கரை" என்று எவனாவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஈப்போ பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அந்தக் கடற்கரையின் படம் ஒன்று பல வருஷம் ஒட்டியிருந்தது. வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, தூரத்தில் ஒரு சின்னக் கப்பல். மனிதக் கால் படாத இடம் என்று மூன்று மொழிகளில் போட்டிருந்தார்கள். தமிழ் அதில் இல்லை. அந்த மணலுக்குச் சற்று மேலே, ஒரு மேட்டில், என் அம்மா கிடக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எங்கள் லயத்து ஆண்கள். அவர்களுக்கு இருந்தவை மனிதக் கால்கள் இல்லைபோல.

மலேசியாவின் மேற்குக் கரையில், லூமுட்டுக்குத் தெற்கே, ரப்பர் மரங்கள் கடலைப் பார்த்தபடி இறங்கி வரும் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் வருகிறது. தோட்டம் கம்பெனிக்குச் சொந்தம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயம், கோயில், கள்ளுக்கடை, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை எல்லாம் போக, எந்தப் பயிருக்கும் உதவாத மணல்மேடு ஒன்று கடலோரம் மிஞ்சியது. அதை எங்கள் செத்தவர்களுக்கு விட்டார்கள். விட்டதிலும் ஒரு நிபந்தனை. சிமெண்டில் கல்லறை கட்டக் கூடாது, பெயர்ப் பலகை நடக் கூடாது. நாளைக்கு நிலத்தை விற்க வேண்டி வந்தால் இடைஞ்சலாம். அதனால் எங்கள் ஆட்கள் தலைமாட்டில் ஒரு பால் மங்கு பதித்தார்கள். மரம் சீவியதும் பால் வடிந்து விழ வைப்போமே, வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அதுதான் மங்கு. பாதி மண்ணுக்குள் இருக்கும், பாதி வெளியே தெரியும். அமாவாசைக்குப் போகிறவர்கள் அதில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொளுத்துவார்கள். எந்த மங்கு யாருடையது என்பது அந்தந்த வீட்டுக்குத் தெரியும். ஒரு வீட்டு மங்கை இன்னொரு வீட்டார் தொடமாட்டார்கள். செத்த பிறகும் பெயர் போட்டுக்கொள்ள விடாத இடத்தில் எங்களுக்கு இருந்த அடையாளம் அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மா செத்துப்போனாள். எனக்குப் பன்னிரண்டு வயது. வயிற்றுவலி என்று படுத்தவளுக்குத் தோட்டத்து டிரசர் வெள்ளைத் தண்ணீர் மருந்து ஒன்றைக் கொடுத்து, நாளைக்குப் பெரட்டுக்கு வந்துவிடலாம் என்றார். மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது அவள் உயிரோடு இல்லை. அப்பா அடுப்பங்கரையில் உப்புப் போட்டு வைத்திருந்த மங்கை எடுத்துக் கழுவினார். விளிம்பில் ஓரிடம் உடைந்த மங்கு. அம்மா கைதவறிப் போட்டு உடைத்தது, அதற்காக அப்பாவிடம் திட்டும் வாங்கியிருந்தாள். புது மங்கு தருகிறேன் என்று கங்காணி சொன்னார்.

"அவ ஒடச்சதுதான் அவளுக்கு," என்றார் அப்பா.

அதையே கொண்டுபோய் அவள் தலைமாட்டில் பதித்தார். பிறகு அவளுக்கு இடப்பக்கம், ஓர் ஆள் படுக்கும் இடத்தைக் கால் கட்டைவிரலால் கோடு கிழித்துக் காட்டி, இதில் யாரையும் வைக்க வேண்டாம், இது எனக்கு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். லயத்து ஆட்கள் அந்த வார்த்தையை மதித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் புதைத்தும் அந்த இடத்தை யாரும் தொடவில்லை.

எழுபதுகள் முடிவதற்குள் தோட்டம் துண்டுதுண்டாக விலைபோனது. நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அப்பாவுக்கு மரப்பட்டறைக்குக் காவலிருக்கும் ஜாகா வேலை, எனக்கு ஹோட்டலில் அறை கூட்டும் வேலை. அப்பாவுக்கு ஈப்போ பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. அவருக்கு அது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம், அவ்வளவுதான். தனக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அங்கே இடம் போட்டாயிற்று என்ற தைரியத்தில்தான் அந்த மனிதர் நடமாடினார். தோட்டம் கைமாறிய பிறகும் டவுனில் செத்த சில கிழவர்களை அங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வாசலில் இருந்த காவல்காரன் கண்டுகொள்ளவில்லை. ஆகவே நடக்காத காரியம் இல்லை. அவர் என்னிடம் ஆயுசில் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

எண்பதுகளில் லூமுட்டிலிருந்து ஒரு சின்னக் கப்பல் ஓடத் தொடங்கியது. வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போய்ப் பறவையும் மிருகமும் காட்டும் கப்பல். அறை வேலைக்கு ஆள் தேடினார்கள். கல்யாணமாகாத பெண் கப்பலுக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டு அரிசிக்கு வழி சொல்லவில்லை. நான் போனேன். சம்பளத்துக்காக மட்டும் போகவில்லை. அந்தக் கப்பல் கடைசியாக நிற்கும் கரை எங்கள் மணல்மேட்டுக் கரை. அப்பாவுக்குக் கால் வீங்கி, வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போவதும் நின்றுபோயிருந்தது. அவருக்குப் பதிலாக நான் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கப்பலில் விளக்கம் சொல்ல ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். எல்லாரும் அவரைப் புரொபசர் என்றார்கள். பெண் இருவாய்ச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் பறவை வெளியிலிருந்து எப்படித் தீனி ஊட்டும் என்று அவர் சொல்லும்போது வயதான பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பாறையில் வெயில் காயும் உடும்பையும், பாக்காவ் என்கிற அலையாத்தி மரத்தடிச் சேற்றில் துள்ளும் மீனையும் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி சுற்றி நின்று படம் எடுப்பார்கள். அடுத்த நாள் 'கடலோர மக்கள்'. கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்தில் இறங்கிக் கருவாடு காய்வதைப் பார்ப்பார்கள். சீனர்கள் கடலுக்குள் கம்பு நட்டுக் கட்டிய ஊரில் இறங்கி இறால் இடித்துப் பிளாச்சான் செய்வதைப் பார்ப்பார்கள். தமிழர்கள் அந்தப் பேச்சிலேயே வரமாட்டார்கள். ஒருநாள் காபி கொண்டுபோனபோது அவரிடம் கேட்டேவிட்டேன். அவர் அன்பாகத்தான் பதில் சொன்னார். நீங்கள் கடலோர மக்கள் இல்லை, ரப்பருக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள், ரப்பர் போய்விட்டது, கூடவே நீங்களும் போய்விட்டீர்கள் என்றார். நான் காபித் தட்டோடு அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் கரையில் பயணிகளுக்கு மத்தியானச் சாப்பாடு. ரப்பர் படகில் இறங்கி, நீந்தி, மரநிழலில் சாப்பிட்டுவிட்டு ஏறுவார்கள். அவர்கள் கரையில் இருக்கும் நேரத்தில்தான் எங்களுக்கு அறை வேலை என்பதால் நான் கப்பலிலேயே இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடை தூக்க ஆள் குறைந்தால் மட்டும் என்னையும் படகில் ஏற்றுவார்கள். அப்படிப் போகும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்துப் போவேன். மேட்டுக்கு ஏறி, உடைந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, திரி போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். பயணிகள் அப்போது மணலில்தான் இருப்பார்கள், மேட்டுக்கு வந்ததில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா வேறு எதுவும் கேட்கமாட்டார். கப்பல் எப்படி, சாப்பாடு எப்படி, ஒன்றும் கிடையாது.

"மங்கு இருக்கா?"

இருக்கு என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுருட்டைப் பற்றவைப்பார்.

அந்தக் கரையில் இறங்குமுன் புரொபசர் ஒரு சட்டம் சொல்வார். ஒரு கிளிஞ்சலைக்கூட எடுக்கக் கூடாது. காலிச் சங்கு என்று நினைக்காதீர்கள், நாளைக்கு ஒரு நண்டு அதில் குடியேறும், அது ஓர் உயிரின் வீடு என்பார். திரும்பி ஏறும்போது பைகளைத் திறந்து காட்டச் சொல்வார். ஒருமுறை ஒரு பெரியவர் பையில் சங்கு இருந்தது. புரொபசர் படகைத் திருப்பிக் கரைக்கே விட்டு, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது. இப்படி ஒரு மனிதர் காவல் இருந்தால் அம்மா பத்திரம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு பயணத்தில் எனக்குக் கரைக்குப் போகக் கிடைக்கவில்லை. கரையிலிருந்து திரும்பியவர்கள் திருவிழா முடிந்து வந்தவர்கள்போல உற்சாகமாக ஏறினார்கள். புரொபசர் புதிதாக ஒரு நல்ல காரியம் கண்டுபிடித்திருந்தார். இயற்கை தந்ததை எடுக்காதீர்கள், மனிதன் போட்ட குப்பையைப் பொறுக்குங்கள் என்று ஆளுக்கொரு சாக்கைக் கொடுத்திருந்தார். போத்தல், பிளாஸ்டிக், வலைத் துண்டு, பழைய பீங்கான். கடைசியில் மணல் போதாமல் மேட்டுக்கும் ஏறியிருக்கிறார்கள். கப்பல் அன்று சாயங்காலமே லூமுட் துறையில் கட்டியது. சாக்குகள் வரிசையாக இறங்கியதை நான் மேல்தளத்திலிருந்து பார்த்தேன். எவ்வளவு குப்பை என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன்.

மறுநாள் காலை பயணிகள் கிளம்ப, படுக்கைத் துணி உருவப் போனேன். ஓர் அறையின் குளியலறையில் சோப்பு ஒரு மங்கில் கிடந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. மங்கு நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் சாமான். பிறகு சோப்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு பக்கம் கரி. திரி எரிந்த கரி. தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள், கோடு கோடாகத் தெரிந்தது, போகவில்லை. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன். எங்கும் உடையவில்லை. அம்மாவுடையது இல்லை. நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். அது வேறு யாரோ ஒருத்தியின் தலைமாடு.

அறையில் இருந்தவள் வெள்ளை முடி வைத்த, ஓய்வுபெற்ற ஆசிரியை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பெருமையோடு சொன்னாள். மேட்டில் மரத்தடியில் இந்தக் கிண்ணங்கள் நிறையப் புதைந்து கிடந்தனவாம். மரத்தின் வேருக்குக் கெடுதல் என்று ஒன்றுவிடாமல் தோண்டி எடுத்துவிட்டார்களாம். இது அழகாக இருந்ததால் தான் வைத்துக்கொண்டாளாம். நான் அது என்னவென்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஹோட்டல் இங்கிலீஷ். அதில் துண்டு, சோப்பு, தலையணை எல்லாம் உண்டு, இடுகாடு கிடையாது. ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மங்கை இரண்டு கையாலும் என்னிடம் தந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நல்லவள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். திருடி என்றால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். நல்ல காரியம் செய்ய வந்தவளை என்ன செய்வது?

துறைக்கு ஓடினேன். சாக்குகள் இருந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். குப்பை லாரி விடியற்காலையிலேயே வந்து போய்விட்டது என்றார் கயிறு கட்டுகிறவர். கொட்டுமிடத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயும் போனேன். புகைந்துகொண்டிருந்த மேட்டில் காக்கைகளைத் தவிர யாரும் இல்லை. குச்சியால் கிளறிக் கிளறிக் காலில் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். எங்கள் தோட்டத்துச் செத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே லாரியில் போயிருந்தார்கள்.

கப்பல் கம்பெனி மேனேஜர் ஈப்போக்காரர், டவுனில் படித்து வளர்ந்த தமிழர். தமிழர் என்பதால் அதிகம் விளக்க வேண்டியிருக்காது என்று அவரிடம் போனேன். மங்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எஸ்டேட் மங்குதானேம்மா இது. சுடுகாடுன்னு ஒரு போர்டு இருந்திருந்தா நாங்க ஏன் தொடப்போறோம்?"

"போர்டு வைக்க விட்டாங்களா சார்? விடாததுனாலதானே மங்கு வச்சோம்."

"அது பழைய கம்பெனி லா. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

பழைய கம்பெனி பெயர் போட விடவில்லை, புதுக் கம்பெனி பெயர் இல்லையே என்கிறது. இருவருக்கும் நடுவில் எங்கள் மனிதர்கள் காணாமல் போனார்கள். இதில் யார்மேலும் குற்றமில்லை. அப்படித்தான் எல்லாரும் பேசினார்கள்.

புரொபசரை அழைத்துவந்து மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் முகம் செத்துப்போயிற்று, அதை நான் மறுக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, இது மிகவும் அருமையான வழக்கம், அடுத்த பயணத்தில் அந்த மரத்தடியில் நின்று பயணிகளுக்கு நீயே இதை எடுத்துச் சொல்லலாமே என்றார். மங்கு இல்லாத குறை வேண்டாம், புது மங்குகள் வாங்கி வரிசையாகப் பதித்துவிடலாம் என்றார். மேனேஜர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. கடலோர மக்களில் எங்களுக்கும் ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது.

"நண்டு வீட்டைத் தூக்கினா படகையே திருப்புறாரு. எங்கம்மா வீட்டைத் தூக்கினதுக்கு எதைத் திருப்புவாருன்னு கேளுங்க சார்."

மேனேஜர் அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. நான் வேலைச் சட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மங்கை எடுத்துக்கொண்டு ஈப்போ பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்ததும் அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அவரைப் புதைக்கும் அன்று, குழி வெட்டுகிறவன் கையில் மண்வெட்டியோடு எங்கே என்று கேட்கும்போது முடியும். அவர் நான் கொண்டுவந்த மங்கை வீட்டுக்குள் விடவில்லை. செத்தவர்கள் சாமான், வேலியோரம் முருங்கைக்கு அடியில் வை என்றார். பிறகு, என்னை ஒருதரம் அங்கே கூட்டிப் போ என்றார்.

கிளம்ப இரண்டு மாசமாயிற்று. தோட்டத்துப் பாதையைப் புது முதலாளி கம்பி போட்டு அடைத்திருந்தார். எங்கள் லயத்தில் இருந்து பிறகு மீன்பிடிக்கப் போன ஓர் அண்ணன் தன் படகில் ஏற்றிக்கொண்டார். கரையில் அவர்தான் அப்பாவை முதுகில் தூக்கி மேட்டில் இறக்கினார். மேடு சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக நான் அதைப் பார்த்ததே இல்லை. மங்குகள் இருந்த இடங்களில் சின்னக் குழிகள். மழை விழுந்து அவற்றிலும் பாதி தூர்ந்துவிட்டன. போதாக்குறைக்கு, வேருக்குக் கெடுதல் என்று மங்கைத் தோண்டிய அதே கப்பல்காரர்கள் சாப்பாட்டு மேசை போட ஒரு பக்கத்தை மட்டமாக்கி, நடுவில் நின்ற மரத்தையும் வெட்டியிருந்தார்கள். அப்பாவின் கணக்கெல்லாம் அந்த மரத்திலிருந்துதான்.

அவர் ஓரிடத்தில் நின்று, இதுதான் என்றார். விரலால் மண்ணைத் தோண்டினார். நகர்ந்து போய், இல்லை, இது என்றார். கட்டைவிரலால் ஒரு கோடு கிழித்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். தன் காலாலேயே அதை அழித்தார். நானும் அந்த அண்ணனும் உடைந்த விளிம்புத் துண்டாவது கிடைக்குமா என்று மண்ணைச் சலித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. கடைசியில் அப்பா நான் கொண்டுபோன மங்கை மேட்டின் நடுவில் பதித்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டார். யார் வீட்டு மங்கோ, எல்லாருக்கும் சேர்த்து எரியட்டும் என்றார் அண்ணன். அடுத்த சாக்கு வரும்வரை எரியும் என்று நான் சொன்னேன்.

படகு திரும்பியதும் அப்பா பேசினார்.

"என்னை இங்க கொண்டாராத. ஈப்போவுலயே எரிச்சிடு."

பக்கத்தில் எங்காவது வைத்தாலும் அம்மாவுக்குப் பக்கம்தானே என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன்.

"எவனோ ஒருத்தன் பொண்டாட்டி பக்கத்துல என்னைப் படுக்க வச்சிறாத பிள்ள. அவ பாத்துக்கிட்டு இருப்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டவர் லூமுட் வரும்வரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சில வருஷம் இருந்தார். மங்கைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. எண்பதுகள் முடியும் சமயத்தில் போனார். சொன்னபடி ஈப்போவில் எரித்தோம். ஆண்பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி நான்தான் வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். சாம்பலைப் பானையில் கட்டி, அதே அண்ணன் படகில், அந்த மணல்மேட்டுக்கு நேராகக் கடலில் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஓர் ஆள் இடம். என்னால் கொடுக்க முடிந்தது அந்தக் கடல்.

கரையில் கப்பல்காரர்கள் இருந்தார்கள். தொலைநோக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. பூவையும் பாலையும் விட்டுச் சாம்பலைக் கரைக்கத் தொடங்கியபோது ஒரு ரப்பர் படகு வந்து பக்கத்தில் நின்றது. கம்பெனிச் சட்டை போட்ட வழிகாட்டி ஒருவன், மலாயில், மரியாதையாகத்தான் சொன்னான். அக்கா, இங்கே கடலில் குப்பை போடக் கூடாது, ஆமை வரும் இடம்.

அண்ணன் எழுந்துவிட்டார். நான் அவரை உட்காரச் சொன்னேன். இது என் அப்பா என்று அவனிடம் சொன்னேன். அவன் மன்னிப்புக் கேட்டுப் படகைச் சற்றுப் பின்னால் எடுத்தான். ஆனால் போகவில்லை. பானையையும் போட்டுவிடுவோமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசிப் பிடிச் சாம்பலும் போனதும், அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே பானையைத் தூக்கி எறிந்தேன். எறிந்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் பார்க்கவில்லை. அவன் அதை எடுத்துச் சாக்கில் போட்டானா என்று எனக்குத் தெரியாது.